எண்ணெய் ஊறிய காணிக்குக் கடன் கேட்கப் போகுமுன்

கோண்டாவிலில் எனக்குச் சீதனமாக வந்த காணி நாலு பரப்பு. றோட்டுக் கரை. 1980களின் கடைசி தொடங்கி 2019 வரை அதில் ஒரு கராஜ் இருந்தது. 1995 இடப்பெயர்வில் பூட்டிக் கிடந்த ஆறேழு மாதத்தைத் தவிர அங்கே சத்தம் ஓய்ந்ததில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் புகைத்துக்கொண்டு ஓடிய கார்களும் மோட்டார் சைக்கிள்களும் அங்கேதான் உயிர் பெற்றன. செத்த பற்றரிகளைப் பிளந்து தகடு மாற்றியதும் அங்கேதான். அந்த நாட்களில் அவர்கள் ஊருக்குச் செய்தது சின்ன உதவியில்லை. ஆனால் வடித்த எண்ணெயையும் அசிட்டையும் கொட்ட மண்ணை விட்டால் வேறு இடம் அவர்களுக்கு இருக்கவில்லை.

அந்தக் காணியைத் துப்புரவாக்க எனக்கு நாலு வருடம் போனது. ஒன்றரை வருடத்தில் முடித்திருக்கலாம். கூட்டுறவுக் கிராமிய வங்கியொன்றில் 24 வருடம் கடன் பிரிவில் இருந்தவள் நான். மற்றவர்களின் கோப்பில் பிழை பிடித்தே பழகியவள். அப்படியிருந்தும் என் சொந்தக் காணி என்று வந்தபோது ஒழுங்கு மாறிப் போனது. மண்ணைச் சோதிக்க முதல் பணத்தைத் தேடினேன். இந்த வேலையில் இறங்க நினைக்கிறவர்களுக்கு அது நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

2021 ஆவணியில் ஜேசிபிக்காரர் ஒருவர் வந்தார். மேலால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஆறு லோட் வரும் அக்கா, ரெண்டு நாள் வேலை" என்றார். நகையை அடைவு வைத்தேன். ஆறாவது லோட்டிலும் கறுப்பு மண், பத்தாவதிலும் கறுப்பு மண். எண்ணெய் நேரே கீழே இறங்கியிருக்கவில்லை. எப்போதோ மூடிய தோட்டத்து வாய்க்கால் வழியே சரிந்து, மதிலுக்கு அடியால் பக்கத்து வளவுப் பக்கம் போயிருந்தது. பணம் முடிந்தது. ஐப்பசி மழையும் தொடங்கியது. திறந்த கிடங்கில் தண்ணீர் நின்று மினுங்கியபோது எனக்கு இரவில் நித்திரை வரவில்லை. பொலித்தீனும் பழைய தகரமும் போட்டு மூடி, சுற்றிவர வரம்பு கட்டித்தான் அந்த மாரியைக் கடத்தினேன்.

குடாநாட்டு நிலத்தைத் தெரிந்தவர்களுக்கு அந்தப் பயம் விளங்கும். செம்பாட்டு மண் சில அடிதான். அதற்குக் கீழே வெடிப்பும் பொந்துமான சுண்ணக்கல். மேலே சிந்தியதை வழியில் மறித்து வைக்க அங்கே ஒன்றும் இல்லை. வருடம் முழுக்க ஓடும் ஆறு நமக்கில்லை, அந்தக் கல்லுக்குள் தேங்கும் மழைநீர்தான் கிணறு. சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் மிதந்ததைக் கண்டவர்கள் நாம்.

<b>போத்தலில் ஒரு பார்வை</b>

செலவில்லாமல் இன்றைக்கே செய்யக்கூடியது இது. சந்தேகமான இடத்தில் ஒரு முழ ஆழத்திலிருந்து ஒரு பிடி மண் எடுங்கள். வாயகன்ற கண்ணாடிப் போத்தலில் போட்டு, முக்கால்வாசிக்குத் தண்ணீர் விட்டு, நன்றாகக் குலுக்கி, அசையாமல் ஒரு மணித்தியாலம் வையுங்கள். மேலே வானவில் நிறத்தில் படலம் வந்தால் ஒரு ஈர்க்கிலால் அதைக் கீறிப் பாருங்கள். கண்ணாடி உடைந்ததுபோல் துண்டு துண்டாகப் பிரிந்து அப்படியே நின்றால் அது பெரும்பாலும் இரும்பில் வளரும் பக்டீரியாவின் படலம், பயப்படத் தேவையில்லை. ஈர்க்கில் போன வழியே படலம் நெளிந்து திரும்பவும் ஒன்றுசேர்ந்தால் அது எண்ணெய். என் காணியில் பன்னிரண்டு இடத்தில் இப்படிப் பார்த்து, ஒவ்வொரு போத்தலிலும் இடத்தையும் ஆழத்தையும் எழுதி ஒட்டினேன். ஐந்து சுத்தம், ஏழு எண்ணெய். அந்த ஏழையும் நில அளவைப் படத்தின் பிரதியொன்றில் சிவப்புப் பேனையால் குறித்தபோதுதான் வாய்க்காலின் கோடு கண்ணுக்குத் தெரிந்தது. 2021இல் இதைச் செய்திருந்தால் நகை அடைவுக் கடைக்குப் போயிருக்காது.

இது எண்ணெய்க்கு மட்டும்தான். ஈயம் கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. பற்றரி திறந்த இடம், பழைய பெயின்ற் சுரண்டிய இடம் என்றால் ஆய்வுகூடத்துக்குத்தான் போகவேண்டும்.

ஆய்வுகூடத்துக்குக் கொடுக்கும்போது எதைப் பார்க்கவேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள். "மண்ணைச் சோதிக்க வேண்டும்" என்று மட்டும் சொன்னால் உரச் சத்துக்குச் சோதித்துத் தந்துவிடுவார்கள். மண்ணில் மொத்தப் பெற்றோலிய ஐதரோகாபன் (எண்ணெய் எவ்வளவு என்பதற்கான சோதனை), ஈயம். கிணற்று நீரில் எண்ணெயும் கிறீசும், ஈயம், நைத்திரேற்று. நீரை யாழ்ப்பாணத்திலேயே சோதிக்க வசதி உண்டு. மண்ணை நான் கொழும்பில் கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு அனுப்பினேன். எண்ணெய்ச் சோதனைக்குப் பிளாஸ்ரிக் போத்தல் கூடாது, எண்ணெய் அதன் சுவரில் ஒட்டிவிடும். மண்ணைக் கண்ணாடிப் போத்தலில் விளிம்புவரை நிரப்பி, ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டு, இரவு பஸ்ஸில் ஏற்றினால் விடியக் கொழும்பு.

அறிக்கை வந்ததும் இலக்கங்களைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். குடிநீருக்கு இலங்கைத் தரம் எஸ்.எல்.எஸ். 614. அதன்படி லீற்றருக்கு எண்ணெயும் கிறீசும் 0.2 மில்லிகிராம், ஈயம் 0.01 மில்லிகிராம், நைத்திரேற்று 50 மில்லிகிராம் வரைதான் இருக்கலாம். என் கிணற்றில் ஈயம் இல்லை, எண்ணெய் மட்டும் வரம்பைப்போல் மூன்று மடங்கு. குடியிருப்பு மண்ணில் ஈயத்துக்கு அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் வைத்திருந்த எச்சரிக்கை அளவு கிலோவுக்கு 400 மில்லிகிராம். 2024 தொடக்கத்தில் அதை 200 ஆகக் குறைத்தார்கள். என் பற்றரி மூலையில் ஆயிரத்தைத் தாண்டி நின்றது. வாடகைக்கு இருந்தவர்களின் பிள்ளைகள் அந்த மூலையில் மண் கிளறி விளையாடியது என் கண்ணுக்கு முன்னால் வந்தது. ஈயத்தில் இவ்வளவுவரை பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு என்று ஒரு அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

காணி முந்தி உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்ததென்றால், கண்ணிவெடி அகற்றிக் கையளித்த பத்திரத்தைப் பார்க்காமல் மண்வெட்டி வைக்காதீர்கள்.

<b>யார் கட்டவேண்டும்?</b>

கடனுக்குப் போகுமுன் கேட்கவேண்டிய கேள்வி இது. சுன்னாக நிலத்தடி நீர் வழக்கில் 2019இல் உயர் நீதிமன்றம், மாசுபடுத்தியவரே செலவை ஏற்கவேண்டும் என்ற கொள்கையின்படி மின் உற்பத்தி நிறுவனமொன்றை 2 கோடி ரூபா இழப்பீடு கட்டச் சொன்னது. எனவே மாசாக்கியவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால், வாடகை ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு முதலில் ஒரு சட்டத்தரணியிடம் போங்கள். என் விடயத்தில் கராஜ் நடத்தியவர் காலமாகிவிட்டார். அவருடைய மனைவியிடம் போய்க் கேட்க எனக்கு மனம் இல்லை. ஆனாலும் யார், எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை, என்ன வேலை செய்தார்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட்டு வைத்தேன். பிறகு வங்கியில் கேட்ட முதல் கேள்வியே அதுதான். பிரதேச செயலகத்துச் சுற்றாடல் உத்தியோகத்தருக்கும் ஒரு கடிதம் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொண்டேன்.

<b>அமெரிக்காவில் எப்படிச் செய்கிறார்கள்</b>

மச்சாளின் மகள் அமெரிக்காவில் ஒரு நகரசபையில் வேலை செய்கிறாள். என் கதையைக் கேட்டுவிட்டு, "மாமி, எவ்வளவு அழுக்கு இருக்கு எண்டு தெரியாமல் எவ்வளவு காசு வேணும் எண்டு எப்பிடிச் சொன்னனீங்கள்?" என்றாள். கடன் பிரிவில் இருந்தவளுக்கு அந்த ஒரு கேள்வி போதும்.

அவர்களிடம் 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஒரு சுழல்நிதி இருக்கிறது. மத்திய அரசின் சுற்றாடல் முகவரகம் மாநிலத்துக்கோ நகரசபைக்கோ பழங்குடி அரசுக்கோ முதலைக் கொடுக்கிறது. அவர்கள் அதைக் கைவிட்ட தொழிற்சாலை, பழைய எரிபொருள் நிலையம் போன்ற காணிகளைத் துப்புரவாக்குவோருக்குக் குறைந்த வட்டியில், சில வேளை வட்டியே இல்லாமல், கடனாகக் கொடுக்கிறார்கள். பாதிக்குக் குறையாமல் கடனாகத்தான் போகவேண்டும். மிச்சத்தைப் பொது அமைப்புகளுக்கு மானியமாகக் கொடுக்கலாம். திரும்பி வரும் தவணைப் பணம் அடுத்த காணிக்குப் போகிறது. 2021இல் அவர்களின் உட்கட்டமைப்புச் சட்டம் இப்படிப்பட்ட காணிகளுக்கென்று 150 கோடி டொலர் ஒதுக்கியது.

எனக்குப் பயன்பட்டது அவர்களுடைய நிபந்தனைகள். மாசாக்கியவருக்கே கடன் கிடையாது. காணியின் பழைய வரலாற்றை ஆராய்வதும் மண்ணைத் தோண்டிச் சோதிப்பதும் கடனுக்கு முதலே முடிந்திருக்க வேண்டும், அதற்கு மானியம் வேறாக உண்டு. துப்புரவாக்க எத்தனை வழி இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் என்ன செலவு என்று ஒப்பிட்டு எழுதவேண்டும். அதை அயலவர்களுக்குக் காட்டி அவர்களின் கருத்தைக் கேட்கவேண்டும். பிறகுதான் பணம். இந்த ஒழுங்கை அப்படியே என் கோப்பில் போட்டேன்.

நம்முடைய வங்கிகளில் "மாசு அகற்றும் கடன்" என்று பெயர் சொல்லிக் கேட்டால் உத்தியோகத்தர் உங்களை ஒரு மாதிரிப் பார்ப்பார். ஜப்பானியக் கடனுதவியில் வந்த இ-பிரண்ட்ஸ் என்ற சுழல்நிதியும் தொழிற்சாலைகள் தங்கள் கழிவைக் குறைப்பதற்கென்று வங்கிகள் வழியாகக் கொடுக்கப்பட்டதுதான். என்னைப் போன்ற நாலு பரப்புக்காரர் போகவேண்டிய கதவு, அரச வங்கிகளிலும் பிரதேச அபிவிருத்தி வங்கியிலும் உள்ள சிறு, நடுத்தரத் தொழில் முயற்சிக் கடன். அங்கே அவர்கள் பார்ப்பது அந்தக் காணி பிறகு மாதம் என்ன உழைக்கும் என்பதை. நான் றோட்டுப் பக்கமாக இரண்டு கடை அறை கட்டி வாடகைக்கு விடுவதாகத் திட்டம் எழுதினேன். துப்புரவாக்கும் செலவு அந்தத் திட்டத்தில் "நிலம் தயார்படுத்தல்" என்ற தலைப்பில் முதல் வரியாக நின்றது. இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆய்வு அறிக்கை பின்னால் இணைத்திருந்தது.

<b>கோப்பு</b>

உறுதி, நில அளவைப் படம், காணிப் பதிவகத் தேடுதல் அறிக்கை, பிரதேச சபையின் வீதிக்கோட்டுச் சான்றிதழ், சோலைவரிப் பற்றுச்சீட்டு. இவை எல்லாருக்கும் தெரிந்தவை. யாழ்ப்பாணத்தில் இழுத்தடிப்பவை வேறு இரண்டு.

ஒன்று தேசவழமை, யாழ்ப்பாணத் தமிழருக்குரிய பழைய வழமைச் சட்டம். காணி பெண்ணின் பெயரில் சீதனமாக இருந்தாலும், அதை ஈடு வைக்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அவர் கனடாவிலோ லண்டனிலோ இருந்தால் அற்றோணித் தத்துவம் வந்து சேர இரண்டு மாதம் எடுக்கும். மண் அறிக்கைக்குக் காத்திருக்கும்போதே அதைத் தொடங்கிவிடுங்கள்.

மற்றது பங்குக் கிணறு. என் உறுதியில் "கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும்" என்று ஒரு வரி. நாலு குடும்பத்துக்கு அந்தக் கிணற்றில் பங்கு. கிணற்றை இறைத்துச் சேறு எடுக்க, பக்கத்தில் தோண்ட, பாதுகாப்புச் சுவர் கட்ட எல்லாவற்றுக்கும் அவர்களின் சம்மதம் வேண்டும். ஒரு பங்காளி ஜேர்மனியில், ஒருவருடைய பங்கு மூன்று பிள்ளைகளுக்குப் பிரிந்து கிடந்தது. நான் அறிக்கையை மறைக்கவில்லை. கிணற்றடியில் எல்லாரையும் கூப்பிட்டு, போத்தல்களை வரிசையாக வைத்துக் காட்டினேன். பக்கத்து வளவு ஆச்சி ஒரு போத்தலை எடுத்து மணந்து பார்த்துவிட்டு, "இதையே பிள்ளை நாங்கள் குடிச்சது?" என்றார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. ஆனால் அன்றைக்கே ஆறு பேர் கையெழுத்து வைத்தார்கள். ஜேர்மனிக்காரர் படங்களைப் பார்த்துவிட்டு அடுத்த கிழமை அனுப்பினார்.

மதிப்பீட்டாளரிடமும் மறைக்க வேண்டாம். சிலர் மறைக்கச் சொல்லி எனக்கும் புத்தி சொன்னார்கள். பிறகு தெரியவந்தால் வங்கி நடுவழியில் பணத்தை நிறுத்தும். இப்போதைய பெறுமதி, துப்புரவான பின் பெறுமதி என்று இரண்டையும் எழுதித் தரச் சொல்லுங்கள். வங்கி இப்போதைய பெறுமதிக்குத்தான் பிணை கணக்குப் பார்க்கும், அது குறைவாகத்தான் இருக்கும். குறையை ஈடுசெய்யக் குடியிருக்கும் வீட்டைக் கொடுக்காதீர்கள். 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம், குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட கடன்களில், வழக்குப் போடாமலே ஈட்டுச் சொத்தை ஏலம் விட வங்கிக்கு அதிகாரம் கொடுக்கிறது. நான் நிரந்தர வேலையில் உள்ள இரண்டு பிணையாளரைக் கொடுத்து, கேட்ட தொகையைக் குறைத்துக்கொண்டேன்.

என் கோப்பு இரண்டு முறை திரும்பி வந்தது. இரண்டாவது முறை வந்தது தோண்டும் செலவுக்கு ஒரே ஒரு தொகை எழுதியிருந்ததால். அது நியாயமான காரணம். லோட் எத்தனை, ஒரு லோட்டுக்கு என்ன, பொலித்தீன், கூலி, பரல், ஏற்றுக்கூலி, மறுசோதனை என்று பிரித்து எழுதி, மொத்தத்துக்கு மேல் கால்பங்கு எதிர்பாராச் செலவாகப் போட்டேன். மண்வேலைக்கு வழமையான பத்து வீதம் போதாது.

<b>எப்போது எடுப்பது, எப்படி எடுப்பது</b>

2022 கடைசியில் நாட்டின் முன்னுரிமை வட்டி வீதமே, அதாவது வங்கிகள் தங்கள் சிறந்த வாடிக்கையாளரிடம் வாங்கும் வட்டியே, 25 வீதத்தைத் தாண்டி நின்றது. அதற்கு முதல், அந்த வருட நடுவில் டீசலும் இருக்கவில்லை. அந்த வருடம் நான் கடன் எடுக்காதது நல்லதாய்ப் போயிற்று. 2024இல் வட்டி இறங்கியபின் எடுத்தேன். ஐந்து வருடம், முதல் ஆறு மாதம் வட்டி மட்டும். இந்த ஆறு மாதத்தைக் கேட்டு வாங்குங்கள், துப்புரவு நடக்கும்போது வாடகை வராது.

பணத்தை ஒரேயடியாக எடுக்கவேண்டாம். மூன்று கட்டமாகக் கேட்டேன். தோண்டி அகற்ற ஒன்று, கிடங்கு மூடுமுன் மறுசோதனை சரி என்று வந்தபின் ஒன்று, கட்டடத்துக்கு ஒன்று. மறுசோதனையை நிபந்தனையாகப் போடச் சொன்னது நான்தான். கிளை முகாமையாளர் ஆச்சரியப்பட்டார். ஆனால் அந்த நிபந்தனை இருந்தபடியால்தான் ஒப்பந்தக்காரர் அரைகுறையாக மூடிவிட்டுப் போகவில்லை.

மாசி தொடங்கி ஆவணிக்குள் மண்வேலை முடியவேண்டும். நமக்கு மழையில் பெரும்பங்கு ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில் கொட்டிவிடும். கடன் ஆடியில் கைக்கு வந்தால் அந்த வருடம் தொடாதீர்கள், பணத்தை எடுக்காமல் தைக்குப் பிறகு தொடங்குங்கள்.

எண்ணெய் மண்ணைக் காணிக்குள்ளேயே சுகப்படுத்தலாம். தடித்த பொலித்தீன் விரித்து, முழங்கால் உயரத்துக்குப் பரப்பி, மாட்டெருவும் வைக்கோலும் கலந்து, ஈரம் காயாமல் கிழமைக்கு ஒருக்கால் புரட்டிவிட வேண்டும். மண்ணில் உள்ள நுண்ணுயிர்களுக்குக் காற்றும் நைதரசனும் கிடைத்தால் அவை எண்ணெயைத் தின்னும். மூன்றாம் மாதம் மணம் குறைந்தது. ஆறாம் மாதம் கையில் எடுத்தால் தோட்ட மண்போல் உதிர்ந்தது. மறுசோதனையும் அதையே சொன்னது.

ஈய மண்ணுக்கு இந்த வழி சரிவராது, ஈயத்தை எந்த உயிரும் தின்று தீர்க்காது. அதை எண்ணெய் மண்ணோடு கலக்கவே கூடாது. தூசி பறக்காமல் நனைத்து அள்ளி, பரலில் மூடி, அட்டவணைப்படுத்திய கழிவை (ஆபத்தானது என்று சட்டம் பட்டியலிட்ட கழிவை) கையாள மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் உள்ளவரிடம் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். அனுமதிப்பத்திரத்தின் திகதியையும் பாருங்கள். அத்திவாரம் நிரப்ப மண் கேட்டு ஆட்கள் வருவார்கள், லோட்டுக்குக் காசும் தருவார்கள். ஒரு கூடைகூடக் கொடுக்காதீர்கள், இன்னொரு வீட்டுப் பிள்ளைதான் அதில் விளையாடும். கூரை அஸ்பெஸ்ரோஸ் என்றால் நனைத்து, உடையாமல் இறக்கவேண்டும்.

கடை அறையை மறுபடி வாகன வேலைக்கு விடுவதென்றால் குத்தகைக்காரரிடம் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரத்தைக் கேளுங்கள், சிந்தினால் யார் துப்புரவாக்குவது என்பதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். நான் ஒன்றைத் தையற்கடைக்கும் மற்றதைப் புத்தகக் கடைக்கும் விட்டிருக்கிறேன்.

2025 தையில் கிணற்று நீரைத் திரும்பவும் சோதித்தபோது எண்ணெய் வரம்புக்குக் கீழே வந்திருந்தது. ஆச்சிக்கு அறிக்கையை வாசித்துக் காட்டினேன். "இன்னொரு மாரி போகட்டும் பிள்ளை, அதுக்குப் பிறகும் ஒருக்கால் பார்த்துப்போட்டுக் குடிப்பம்" என்றார். கல்லுக்குள் ஒட்டிக் கிடப்பதை மழை கழுவி இறக்கும் என்பதால் அவர் சொன்னதுதான் சரி. அதுவரை நாலு வீட்டுக்கும் குடிதண்ணீர் பவுசரில் வந்தது, அந்தச் செலவு என் கையிலிருந்து போனது. உங்கள் மதிப்பீட்டில் இரண்டு மாரிக்குப் பவுசர் தண்ணீர் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.